கம்சலா வீட்டுக் கம்பியூட்டரில் எதைப் போடுவது?

நரிக்கல் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில் ஒரு வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்தாலே பக்கத்து லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் சேதி போய்விடும். கம்சலா கணினி கொண்டுவந்த அன்றைக்குக் கேட்கவா வேண்டும்? பதுளை டவுனில் மூடப்போகிற ஒரு டியூஷன் வகுப்பில், சீட்டுக் காசைக் கொடுத்து வாங்கிய பழைய கணினி அது, கூடவே ஒரு பிரிண்டர். ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கட் கிழிக்கப் பார்த்தான். "மடியில இருக்கிற புள்ளைக்கும் டிக்கட் கேப்பீங்களா?" என்று அரைகுறைச் சிங்களத்தில் ஒரு போடு போட்டாள். பஸ்ஸே சிரித்தது. அவன் டிக்கட் புத்தகத்தை மூடிக்கொண்டு முன்பக்கம் நகர்ந்துவிட்டான்.

கம்சலா அப்படித்தான். நாற்பதை எட்டப்போகிறாள். ஆள்தான் மெலிவு, வாய் மெலிவில்லை. புருஷன் புவனேந்திரன் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான், வந்தால் பாதி நாள் தூங்குவான், மீதி நாள் புத்தி சொல்வான். கணினி வந்த அன்றும் போனில் புத்திதான் சொன்னான். "எல்லாரும் வேர்டுதான் பாவிக்கிறாங்க. நீயும் அதையே போட்டுரு. புதுசா ஒன்னும் ஆரம்பிக்காத."

வந்து பார்த்த சனமும் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. கணினி என்றால் அதில் தமிழ் அடிக்க ஒரு மென்பொருள் வேண்டும் என்பது இப்போது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இது நல்லதாம், அது சீக்கிரம் கெட்டுப்போகுமாம், ஸ்கூலில் இதைத்தான் வைத்திருக்கிறார்களாம். கணினியை ஒரு நாள் கூடத் தொட்டறியாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். கம்சலா எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தாள், யாருக்கும் பதில் கொடுக்கவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டில் உட்கார்ந்து, இந்த மேசையில், தன் கையால் தட்டெழுதிப் பிழைக்க வேண்டும். இன்னொருவர் கடை முக்காலியில் போய்த் திரும்ப உட்காரக் கூடாது.

அந்த முக்காலியில் பதினொரு வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தங்கராஜா முதலாளியின் கடை. போட்டோ கொப்பி, லெமினேட்டிங், தட்டச்சு எல்லாம் அங்கே நடக்கும். கலியாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், வேலைக்கு விண்ணப்பம், கரண்ட் கம்பத்துக்கு மனு என்று, தோட்டத்துச் சனங்களின் நல்லதும் கெட்டதும் கம்சலாவின் விரல் வழியாகத்தான் தாளுக்குப் போயின. முதலாளி கல்லாவில் இருப்பார். காசு வாங்கும்போது மட்டும் சிரிப்பார்.

அந்தக் கடைக் கணினிகளில் இருந்ததும் வேர்டுதான். காசு கட்டி வாங்கியதல்ல, யாரோ உடைத்துக் கொடுத்த கள்ளப் பிரதி. இது உரிமம் இல்லாதது என்று திரையின் மேலே ஒரு சிவப்புப் பட்டை வரும். முதலாளி அதைச் சட்டை செய்யமாட்டார். போன வருஷம் ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பம் முடிகிற நாளில் அது கடையில் இருந்த அத்தனை கணினிகளிலும் பூட்டிக்கொண்டது. வாசிக்க விட்டது, ஓர் எழுத்து அடிக்க விடவில்லை. மடுல்சீமையிலிருந்து ஜீவராணி என்று ஒரு பெண், விடியுமுன்னே புறப்பட்டு அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கி வந்து கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தபால் நிலையம் மூடும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அந்தப் பெண் அழுததைக் கம்சலாவால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

முதலாளிக்கு வந்த கோபம் கணினி மேல் வரவில்லை. கடை நிறைய ஆட்கள் இருக்க, கம்சலாவைப் பார்த்து, "தோட்டத்துல இருந்து வர்றதுகள மெஷின்ல உக்கார வச்சா இதுதான் நடக்கும்" என்றார்.

கம்சலா எழுந்தாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துப் பையில் போட்டாள். "மெஷினுக்குள்ள இருக்கிறதுதான் கள்ளச் சாமான் முதலாளி. நான் இல்ல" என்றாள். படி இறங்கியவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று இரவுச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரோசம் வயிற்றை நிரப்பாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கடைக்குத் திரும்பிப் போகவில்லை.

வாங்கி வந்த கணினியை மாட்டிக் கொடுக்க டவுனிலிருந்து நிமலன் வந்தான். கணினி பழுது பார்க்கிறவன், வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். வயர்களைச் செருகி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தான்.

"அக்கா, வேர்ட் போட்டுத் தர்றேன். க்ராக் பண்ணினது. சல்லி ஒன்னும் வேணாம், ஒரு டீ போதும்."

"அந்தச் செவப்புப் பட்டை வருமா?"

"வரும். வந்தா வந்துட்டுப் போகுது. கண்டுக்காம இருங்க."

"பூட்டிக்குமா?"

"எப்பவாவதுதான். பூட்டினா எனக்குக் கோல் பண்ணுங்க, வந்து தெறந்து தர்றேன்."

"அப்ப வீடு என்னுது, சாவி ஒங்கிட்ட" என்றாள் கம்சலா. "காசு கட்டி எடுத்தா?"

"மாசா மாசம் கட்டணும் அக்கா. கட்டுறத நிப்பாட்டினா அதுவும் வாசிக்க மட்டுந்தான் விடும். இந்தத் தோட்டத்துல யாரு கட்டப் போறா?"

கம்சலா கதவு நிலையில் கையை வைத்தாள். அந்த நிலையில் கறையான் ஏறி வருஷக் கணக்காகிறது. "தம்பி, இந்த வீட்டப் பாரு. எங்க மாமியாரு வாழ வந்த வீடு. ஒரு தகரம் மாத்தணும்னாலும் தோட்டத்துத் தொரைக்கு எழுதிக் கேக்கணும். வீட்ல யாரும் பேர் பதிஞ்சு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகலைன்னா, என்னைக்கு வேணும்னாலும் வந்து வீட்ட விட்டு எழும்புன்னு சொல்வாங்க. இருக்கிற வீட்டுல உரிமை இல்ல. இந்தப் பொட்டிக்குள்ளயும் எவனோ ஒருத்தன் வந்து எழும்புன்னு சொல்லணுமா? முடியாது. யாரும் எழும்பச் சொல்லாதது ஒன்னு இருந்தா அதப் போடு. இல்லைன்னா சும்மா கெடக்கட்டும்."

நிமலன் தலையைச் சொறிந்தான். ஒரு டீ குடித்துவிட்டுப் போக வந்தவனுக்கு இப்படி ஒரு பேச்சுக் கிடைக்கும் என்று அவன் நினைக்கவில்லை. "இருக்கு. லிப்ரே ஒபிஸ்னு சொல்வாங்க. ஓசி. யாரு வேணும்னாலும் வச்சிக்கலாம், யாரும் வந்து கேக்கமாட்டாங்க. ஆனா இங்க அத யாரு பாவிக்கிறா? ஒங்களுக்குப் பழக்கமும் இல்ல. வேணும்னா மெனு கூடத் தமிழ்ல வரும்."

"தமிழ்லயா? அப்ப தமிழ்லயே போடு."

"வேணாம் அக்கா, தடுமாறுவீங்க."

"தடுமாறினா நான்தானே தடுமாறுவேன். போடு."

தடுமாறத்தான் செய்தாள். அதை ஒளிக்க வேண்டியதில்லை. பதினொரு வருஷமாக 'பைல்', 'சேவ்', 'பிரிண்ட்' என்றே பழகியவள். இப்போது திரையில் 'கோப்பு', 'சேமி', 'அச்சிடு' என்று நின்றபோது, சொந்த ஊரிலேயே வழி கேட்கிற நிலைமை. முதல் நாள் 'அச்சிடு' எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி, கடைசியில் எதையோ அழுத்தி, அடித்த பக்கத்தையே காணாமல் ஆக்கிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பூவம்மா, கொழுந்தெடுக்கிற ஆள், வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "என்னாடி, ஒன் தமிழு ஒனக்கே ஒளிஞ்சு விளையாடுதா?" என்று கேட்டாள். கம்சலாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மெனுவை மட்டும் மாற்றவில்லை.

எழுத்துருவிலும் ஒரு பிடிவாதம் பிடித்தாள். கடைகளில் எல்லோரும் அடிப்பது பாமினி என்கிற பழைய எழுத்துரு. அதை ஏற்றியிராத கணினியில் திறந்தால், அடித்த தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யுனிகோட்டில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. எந்தக் கணினியிலும் எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே நிற்கும். விரல் பழகிய இடத்திலேயே யுனிகோட் எழுத்து விழுகிற மாதிரி ஒரு விசைப்பலகையை நிமலனிடம் சொல்லிப் போடவைத்தாள். பாமினியை வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லை. தன்னிடம் அடிக்க வருகிறவர்கள் பிறகு எங்கே கொண்டுபோனாலும் அது திறக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

முதல் வாரம் ஒரு மரண அறிவித்தலும், ஒரு பிள்ளையின் ஸ்கூல் கட்டுரையும் வந்தன. அடுத்த வாரம் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அழகர் தலைவர் வந்தார்.

அழகர் தொழிற்சங்கத்துக்குத் தோட்டத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஆனால் எழுதுகிற வேலையை எப்போதும் வேறு ஆள்தான் செய்யும். மோசமான மனுசன் என்று சொல்ல முடியாது. ஒரு சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து நிற்பார், ஒரு சண்டையில் கடைசி ஆளாகப் போவார். ஆனால் தான் சொன்னால் அது நடக்க வேண்டும் என்பது அவருக்கு இரத்தத்தில் ஊறியிருந்தது.

"கம்சலா, மாரியம்மன் திருவிழா நோட்டீஸ ஒங்கிட்டயே குடுக்கலாம்னு கமிட்டியில பேசினோம். நம்ம தோட்டத்துப் புள்ள, டவுனுக்கு ஏன் போகணும்?" என்று ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தார். "இதுல போன வருஷ நோட்டீஸ் இருக்கு. தேதிய மட்டும் மாத்திக் குடு."

கம்சலாவின் மனம் குளிர்ந்தது. திருவிழா நோட்டீஸ் என்றால் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் மஞ்சள் தடவி ஒட்டுகிற தாள். கீழ்ப் பிரிவு, மேல் பிரிவு, பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போகும். அதை அடித்தது கம்சலா என்று தெரிந்தால் பிறகு வேலைக்குப் பஞ்சமில்லை. பென்டிரைவைச் செருகினாள், கோப்பைத் திறந்தாள்.

திரை முழுக்க ஆங்கில எழுத்தும், அரைப்புள்ளியும், சாய்கோடும். ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

அழகர் குனிந்து பார்த்தார். "என்னா இது? மாரியாத்தா எப்ப இங்கிலீஷ்காரி ஆனா?" கூட வந்த கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஓசிச் சாமான் ஓசி வேலதான் செய்யும்னு நிமலன் பயகிட்ட அன்னைக்கே சொன்னேன். வேர்டப் போட்டிருந்தா இந்தக் கரச்சல் இல்ல. இந்தா பாரு, வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுப்பேன். அதுக்குள்ள அடிச்சுத் தரலைன்னா தங்கராஜா கடைக்கே போயிரும். ஒரு நோட்டீஸ் அடிக்க ஏலாதவகிட்ட மத்த பிரிவுக்காரன் எவன் வருவான்? சொல்லிட்டேன்."

சேதி அவர்களை விட வேகமாக டவுனுக்கு இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் தங்கராஜா முதலாளியே போன் எடுத்தார். "என்னா புள்ள, ஒன் மெஷினுக்குத் தமிழ் தெரியாதாமே? பேசாம வந்துரு. முக்காலி காலியாத்தான் இருக்கு."

"காலியா இருந்தா நீங்களே உக்காருங்க முதலாளி, நல்லா இருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். பயமில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். நோட்டீஸ் டவுனுக்குப் போனால் அவளும் அதன் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

விஷயம் இன்னது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அந்தக் கோப்பை பதினொரு வருஷமும் அடித்தவளே அவள்தானே. பாமினியில் அடித்தது, இந்தக் கணினியில் பாமினி இல்லை, அவ்வளவுதான். மென்பொருள் மேல் ஒரு குற்றமும் கிடையாது. எழுத்துருவை ஏற்றினால் திறந்துவிடும். வேண்டாம் என்று வாசலில் நிறுத்தியதை, நோட்டீஸுக்காக உள்ளே கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று முனகிக்கொண்டே, ஏற்றினாள்.

திறந்தது. தமிழ் வந்தது. கம்சலாவின் விரல் பழக்கத்தில் தேதிக்குப் போய், அதை மாற்றியும் விட்டது. வருஷா வருஷம் செய்ததும் அதைத்தான். தங்கராஜா கடையில் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். தேதியை மாற்று, அடி, அடுத்தவரைக் கூப்பிடு. மீதியை வாசிக்க யாருக்கு நேரம்? இன்றைக்குத்தான் பின்னால் யாரும் நிற்கவில்லை. சொந்த மேசை, சொந்த நாற்காலி. ஆற அமர வாசித்தாள்.

'தலைமை' என்ற இடத்தில் அழகரின் பெயர், இரண்டு வரிக்குப் பட்டங்களோடு. 'முன்னிலை' என்ற இடத்தில் பெரிய கங்காணி மாடசாமி அவர்கள். மாடசாமி கங்காணி கொரோனாவுக்கு முந்தியே சுடலைக்குப் போய்விட்டார். போன வருஷத் திருவிழாவுக்கும் அவர்தான் முன்னிலை வகித்திருக்கிறார், அதற்கு முந்தின வருஷமும். மாற்றலாகிப் போன கிளாக்கர் ஐயா இன்னும் 'சிறப்பு விருந்தினர்'. கமிட்டிக்காரர்கள், கமிட்டிக்காரர்களின் மச்சான்மார், மேளக்காரர், பந்தல்காரர், எல்லோருக்கும் பெயர் இருந்தது. கடைசி வரியில் 'இவர்களுடன் தோட்டப் பொதுமக்கள்'.

சிரிக்க ஆரம்பித்தவள் அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

அந்த நேரம் பூவம்மா உப்புக் கேட்டு வந்தாள். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை இன்னும் அவிழ்க்கவில்லை. "தெறந்திருச்சா? நல்லது. எனக்கு எழுத்துக் கூட்ட நேரம் புடிக்கும். அதுல நான் எங்க இருக்கேன்னு காட்டு."

"நீங்க இல்லையே அக்கா."

"ஏன் இல்ல? போன வருஷம் மொளப்பாரி தூக்கினது யாரு? அதுக்கு முந்தின வருஷம் மழையில பால்குடம் தூக்கினது யாரு? மாசா மாசம் கோயில் காசுன்னு என் சம்பளத்துலதானே வெட்டுறாங்க? எல்லாப் பொம்பளைங்க சம்பளத்துலயும் வெட்டுறாங்களே."

"நீங்கள்லாம் இந்தா, இதுல இருக்கீங்க. 'தோட்டப் பொதுமக்கள்'."

பூவம்மா அந்த வரியை உற்றுப் பார்த்தாள். "அது யாரு?" என்றாள்.

அந்தக் கேள்வி கம்சலாவைச் சுட்டது. கோயில் கட்டினதிலிருந்து இன்றைக்கு வரைக்கும் இந்தப் பெண்களின் கூலியில் வெட்டிய காசில்தான் சாமி தேரேறுகிறது. செத்துப்போன கங்காணிக்குத் தாளில் இடமிருக்கிறது, உயிரோடு முளைப்பாரி தூக்குகிறவளுக்கு இல்லை. உப்பை அள்ளிப் பூவம்மாவின் கையில் கொட்டிவிட்டு வந்து, கோப்பை மூடப் போனாள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி தமிழில் கேட்டது. சேமிக்க வேண்டாம் என்று அழுத்தினாள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

மறுநாள் பகல், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு, பெயர் எழுத ஒரு கொப்பியோடு போனாள். கோயில் காசு யார் யார் சம்பளத்தில் வெட்டுகிறார்களோ அவர்களின் பெயரெல்லாம் நோட்டீஸில் வரும் என்று சொன்னபோது, ஒருத்தியும் நம்பவில்லை. ஒருத்தி வெட்கப்பட்டு வாயைப் பொத்தினாள். ஒருத்தி, "என் பேரு என்னாத்துக்கு, எங்க வீட்டு ஆம்பள பேரப் போட்டுரு" என்றாள்.

"அவரு சம்பளத்துல வெட்டினா அவரு பேரப் போடுறேன். ஒங்க பேரச் சொல்லுங்க."

"வீட்ல கூப்பிடுற பேரா, சம்பளச் செக்ரோல்ல உள்ள பேரா?"

"ஒங்களுக்குப் புடிச்ச பேரு."

இப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, ஒருவரை ஒருவர் கேலி செய்து, ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கம்சலா லயத்து வரிசைப்படி வீடு வீடாக எழுதிக்கொண்டாள், யாரும் விடுபடக் கூடாது என்று. சிலருக்கு உள்ளூரப் பயம். தலைவர் ஏசுவாரே என்றார்கள். "ஏசினா என்னைய ஏசட்டும். அடிக்கிறவ நான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அழகர் வந்தார். தங்கராஜா கடைக்குக் கொண்டுபோக ஓர் ஆளையும் ஆட்டோவையும் தயாராக மேலே ரோட்டில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வந்தார். வேலை விட்டு வந்த பெண்கள், கூடையும் சாக்குமாக, வீட்டுக்குப் போகாமல் கம்சலாவின் வாசலில் நின்றார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவர்களில் அவர் சம்சாரம் லெட்சுமியும் நின்றாள்.

"என்னா, தெறக்கல்லையா?"

"தெறந்துச்சு தலைவரே. தெறந்து வாசிச்சேன். அதனாலதான் புதுசா அடிச்சேன்."

திரையைப் பார்த்தார். மேலே மாரியம்மன் படம், திருவிழா நாட்கள், தலைமை என்று அவர் பெயர். மாடசாமி கங்காணியைக் காணோம். கிளாக்கரைக் காணோம். 'தோட்டப் பொதுமக்கள்' இருந்த இடத்தில் பக்கம் நிறையப் பெயர்கள், நாலு வரிசையாக. அழகரின் முகம் சிவந்தது.

"இது நோட்டீஸா, செக்ரோலா? யாரக் கேட்டு அடிச்ச?"

"கோயில் காசு யாரக் கேட்டு வெட்டினீங்க?"

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்து உடனே நிறுத்தினார்கள். அழகரின் குரல் உயர்ந்தது. "வாய் கூடிப்போச்சு. தங்கராஜா சும்மா ஒன்னும் ஏசல. இந்தப் பேரெல்லாம் எடு. பழைய மாதிரியே போடு. கம்பியூட்டர்ல ஒரு நிமிஷ வேலதானே? எடுத்தா வேல ஒனக்கு. இல்ல, இப்பவே டவுனுக்குப் போகுது. அப்புறம் இந்தப் பொட்டிய வச்சு அடுப்பெரி."

அவர் சொன்னால் செய்வார். பெயரை எடுத்தால் மேசை அவளுக்கு, எடுக்காவிட்டால் முக்காலி. ஒரே ஒரு நிமிஷ வேலை, அதுவும் உண்மைதான். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"ஒக்காருங்க தலைவரே."

"என்னாத்துக்கு?"

"ஒக்காருங்க. இதுதான் அழிக்கிற பொத்தான். நான் அடிச்சேன், நீங்க அழிங்க. சும்மா இல்ல, ஒவ்வொரு பேரா சத்தமா வாசிச்சு அழிங்க. பேருக்குச் சொந்தக்காரங்க வெளியிலதான் நிக்கிறாங்க. கடைசிப் பேரு வரைக்கும் அழிச்சிட்டீங்கன்னா, நானே ஒங்க கூட ஆட்டோவுல வந்து, தங்கராஜா கடை முக்காலியில உக்காந்துர்றேன். அப்புறம் வாயத் தெறக்கமாட்டேன்."

இத்தனை பெண்களுக்கு முன்னால் முடியாது என்று சொல்கிற ஆள் அழகர் இல்லை. உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டார். ஒரு விரலை அந்தப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு, முதல் பெயரை வாசித்தார்.

"பூவம்மா."

"இருக்கேங்க" என்றாள் பூவம்மா.

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆயுசு முழுக்க, விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட, பதில் சொல்லிப் பழகிய வாய் அது. தலைவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரைக்குத் திரும்பினார். அந்தப் பெயரை அழிக்காமலேயே அடுத்ததற்குப் போனார்.

"சிவபாக்கியம்."

"இருக்கேன்."

வாசலில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரி நின்றார்கள். அழகர் மூன்றாவது பெயருக்கு வாயைத் திறந்தார். வாசிக்காமலே மூடிக்கொண்டார். விரல் பொத்தான் மேலேயே இருந்தது.

"வாசிங்க" என்றாள் லெட்சுமி, கூடையை இறக்காமலே. "ஏன் நிப்பாட்டிட்டீங்க? என் பேருதானே. முப்பது வருஷமா என் சம்பளத்துலயுந்தான் வெட்டுறாங்க."

அழகர் திரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார். விரலை எடுத்துக்கொண்டார். எங்கேயாவது ஒரு குறை சொல்லாவிட்டால் அவர் தலைவரில்லை.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார். "இத எப்படி வாசிக்கிறது?"

"எல்லாப் பேருக்கும் ஒரே அளவுதான் தலைவரே" என்றாள் கம்சலா. "ஒங்க பேருக்கும்."

அவர் பக்கத்தின் மேலே போய்த் தன் பெயரைப் பார்த்தார். உண்மைதான். பட்டங்கள் இரண்டு வரியையும் காணோம். ஏதோ சொல்ல வந்து, வாசலைப் பார்த்து, விழுங்கிக்கொண்டார். மேலே ரோட்டில் ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டான். யாரும் மேலே ஏறிப் போகவில்லை.

கம்சலா நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எழும்புங்க என்று அவள் சொல்லவில்லை. அழகர் தானாகவே எழும்பினார். அவள் உட்கார்ந்தாள். 'அச்சிடு' எங்கே இருக்கிறது என்று இப்போது தேட வேண்டியிருக்கவில்லை.